டர்போ கார்களில் ஃபியூயல் பம்ப் மாற்றம்

டர்போ பொருத்திய பெட்ரோல் காரில் பூஸ்ட் அழுத்தத்தைக் கூட்டும்போது, கம்பெனி போட்ட ஃபியூயல் பம்ப்பை எடுத்துவிட்டு அதைவிட அதிகமாகப் பெட்ரோல் தள்ளும் பம்ப்பைப் போடுவதே ஃபியூயல் பம்ப் மாற்றம். புதிய பம்ப் தானாக ஒரு குதிரைத்திறனையும் கூட்டாது. கூடுதலாக உள்ளே போகும் காற்றுக்கு ஈடான பெட்ரோல் ரெட்லைன் வரை கிடைக்கச் செய்வது மட்டுமே அதன் வேலை. அந்த ஈடு குறைந்தால் கலவை லீன் ஆகும், நாக்கிங் எழும், பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும்.

வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது பம்ப்பின் பெயரோடு வரும் எண்ணில்தான். வால்ப்ரோ 255 என்றால் மணிக்கு 255 லிட்டர். ஆனால் அது ஏறத்தாழ 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 13.5 வோல்ட் கொடுத்து அளந்த எண். அழுத்தம் ஏறினால் ஓட்டம் குறையும், வோல்ட் இறங்கினாலும் குறையும். டர்போ எஞ்சினில் அழுத்தம் ஓரிடத்தில் நிற்பதில்லை. இன்ஜெக்டரின் ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அடைந்திருக்கும் காற்று. காற்று எவ்வளவு எதிர்த்துத் தள்ளுகிறதோ அவ்வளவு பெட்ரோல் அழுத்தத்தையும் ரெகுலேட்டர் உயர்த்தியாக வேண்டும். அடிப்படை அழுத்தம் 3 பார், பூஸ்ட் 1.5 பார் என்றால் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயிலில் 4.5 பார் இருக்க வேண்டும். உயர்த்தாமல் விட்டால் இன்ஜெக்டருக்கு இரு பக்கமும் உள்ள அழுத்த வேறுபாடு பாதியாகி, பெட்ரோல் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். ஆக, எஞ்சின் அதிகம் கேட்கும் நேரத்தில்தான் பம்ப்பால் குறைவாகக் கொடுக்க முடிகிறது. தயாரிப்பாளரின் ஓட்ட வரைபடத்தில் பார்க்க வேண்டிய புள்ளி 40 பிஎஸ்ஐ அல்ல, அந்த 4.5 பாருக்கு ஈடான 65.

தேவையைக் கணக்கிடுவது எளிது. டர்போ பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் குடிக்கும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 400 குதிரைத்திறனுக்கு 108 கிலோ, அதாவது ஏறத்தாழ 146 லிட்டர். கையிருப்பாக 20 சதவீதம் சேர்த்தால் 175. இதற்கு 255 பம்ப் போதும். அதே எஞ்சினை எத்தனால் மிகுந்த இ85-இல் ஓட்டினால் கதை மாறும். அதே சக்திக்கு அளவில் சுமார் 40 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும் என்பதால், கையிருப்போடு தேவை 245-ஐ எட்டும். உயர் அழுத்தத்தில் 255 பம்ப்பால் அதைத் தர முடியாது. ஏஇஎம் 340, டயட்ச்வெர்க்ஸ் டிடபிள்யூ300, வால்ப்ரோ 450 போன்றவை கணக்குக்குள் வருவது இங்கேதான். இ85-க்கு ஓட்டம் மட்டும் போதாது. பம்ப்பின் உள்பாகங்களும் எத்தனாலைத் தாங்குபவையா என்று பார்க்க வேண்டும்.

பெரிய பம்ப் என்றால் நல்ல பம்ப் என்ற நினைப்பு சரியல்ல. இதற்கு நல்ல சான்று 1990களின் மிட்சுபிஷி எக்லிப்ஸ், ஈகிள் டேலன், பிளிமத் லேசர் கார்கள். க்ரைஸ்லரும் மிட்சுபிஷியும் சேர்ந்து தொடங்கிய டைமண்ட்-ஸ்டார் நிறுவனம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து நார்மல் ஊரில் இவற்றைத் தயாரித்தது. 4ஜி63 என்ற 2 லிட்டர் டர்போ எஞ்சின் இவற்றுக்கு நல்ல மவுசைத் தேடித் தந்தது. உரிமையாளர்கள் 255 பம்ப்பைப் போட்டார்கள். தொல்லை முழு வேகத்தில் வரவில்லை, ஐடிலிங்கில் வந்தது. எஞ்சின் சொட்டுச்சொட்டாகக் குடிக்கும்போது மீதிப் பெட்ரோல் அனைத்தும் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்குத் திரும்ப வேண்டும். கம்பெனி ரெகுலேட்டரின் துளையும் ரிட்டர்ன் குழாயும் அந்த ஓட்டத்துக்குப் போதாத அளவு குறுகல். அழுத்தம் குறித்த அளவைத் தாண்டி ஏறி, கலவை ரிச் ஆனது. வழி பெரிதாக உள்ள, திருகி அளவை மாற்றக்கூடிய ரெகுலேட்டர் போட்ட பிறகுதான் அடங்கியது. பெரிய பம்ப் பெட்ரோலைச் சுற்றிச் சுற்றி அனுப்பிச் சூடாக்கவும் செய்யும். அதனால் இன்று பலர் தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் கன்ட்ரோலரோடு பொருத்துகிறார்கள்.

அதே கார்களில் இன்னொரு குறை வயரிங். கம்பெனி போட்ட மெல்லிய வயர் சிறிய பம்ப்புக்கானது. பெரிய பம்ப் அதிக ஆம்பியர் இழுக்கும்போது வழியிலேயே வோல்ட் விழுந்துவிடும். பேட்டரியிலிருந்து ஃபியூஸும் ரிலேயும் வைத்துத் தடித்த வயரைத் தனியாக இழுப்பதுதான் தீர்வு. புதிய பம்ப் வாங்கக் காசு கொடுப்பதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம். சில நேரம் பழைய பம்ப்பே போதும் என்று தெரியவரும்.

டேங்குக்குள் இருக்கும் பம்ப் தன்னைச் சுற்றியுள்ள பெட்ரோலால்தான் குளிர்கிறது. எப்போதும் ரிசர்வில் ஓட்டினால் அதன் ஆயுள் குறையும். வளைவுகளில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சுவது வேறு கோளாறு. ரேஸ் கார்களில் அதற்குச் சர்ஜ் டேங்க் என்ற சிறு இடைத்தொட்டி வைப்பார்கள்.

நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் பம்ப் இரண்டு. டேங்கிலுள்ள மின்பம்ப் சில பார் அழுத்தத்தில் ஊட்ட, கேம்ஷாஃப்ட் இயக்கும் இயந்திரப் பம்ப் அதை 100 பாருக்கு மேல் ஏற்றும். ஃபோக்ஸ்வாகனின் பழைய 2.0 டிஎஃப்எஸ்ஐ எஞ்சினில் கேமுக்கும் பம்ப்புக்கும் நடுவே உள்ள ஃபாலோயர் தேய்வது பேர்போன பலவீனம். பிஎம்டபிள்யூ என்54 எஞ்சினின் உயரழுத்தப் பம்ப்புக்காக 2010-இல் அமெரிக்காவில் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இவ்வகையில் ஆராயாமல் மின்பம்ப்பை மட்டும் மாற்றிப் பயனில்லை. எந்தப் பம்ப் முதலில் திணறுகிறது என்று இரு அழுத்தங்களையும் பதிவுசெய்து பார்க்க வேண்டும்.

வால்ப்ரோ பெயரில் போலிகள் ஏராளம் உலவுவதால், அறிந்த விற்பனையாளரிடம் வாங்குவதே வழி. பொருத்திய பின் ரெயிலில் பிரஷர் கேஜ் வைத்து முழு பூஸ்ட்டில் ரெட்லைன் வரை சோதிப்பார்கள். பூஸ்ட்டைக் கழித்தால் எப்போதும் அதே 3 பார் மிஞ்ச வேண்டும். மேல் ஆர்பிஎம்மில் அது சரிந்தால் முதலில் பம்ப் முனையில் வோல்ட்டையும், அடுத்து ஃபில்டரையும் பார்த்துவிட்டுத்தான் பம்ப்பின் மேல் பழியைப் போடுவார்கள்.