அரசன் வணங்கினாலும் மௌனம்

நேரலையில் யாராவது குறுக்கே பேசினால் எனக்குச் சொல் தடுமாறிவிடும், நேயர்களே. யூதர்களின் காலைப் பிரார்த்தனையில் இதற்கென்றே சட்டம் உண்டு. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, 'ஷெமா' ஓதும்போது அஞ்ச வேண்டியவருக்கு நடுவிலும் வணக்கம் சொல்லலாம் என்கிறது. நின்றபடி சொல்லும் 'அமிதா'வில் அரசனே வணங்கினாலும் பதில் கூடாது. காலில் பாம்பு சுற்றினாலும் நிறுத்தக்கூடாது. தேள் வந்தால் நிறுத்தலாம் என்று பிற்காலத் தல்மூத் விலக்கு அளித்தது. அந்நிய அரசனுக்கும் அப்படியே. உயிர் முக்கியமல்லவா?

வழியில் தொழுத பக்தர் ஒருவரின் கதையும் அதிலேயே வருகிறது. அதிகாரி ஒருவர் வணக்கம் சொல்ல, இவர் வாய் திறக்கவில்லை. தொழுது முடித்ததும், தலையைச் சீவியிருந்தால் கேட்பார் யார் என்று அதிகாரி சீறினார். மன்னர் முன் நிற்கும்போது நண்பன் வணக்கம் சொன்னால் நீங்கள் பதில் சொல்வீர்களா என்று பக்தர் திருப்பிக் கேட்டார். அதிகாரியின் கோபம் தணிந்தது. பக்தர் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தார்.