நல்ல நாளும் பெரிய நாளும்: கொரியத் தத்துப்பிள்ளைகள் போட்ட பந்தி

நல்ல நாளும் பெரிய நாளுமா ஒருத்தர் தனியா உட்கார்ந்திருந்தா 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் போவது ஊர் வழக்கம். அவரைத் தனியாக உட்கார வைத்தது யார் என்று ஊர் கேட்காது. நாம் கேட்போம். கேட்டுக் கேட்டுத்தான் நாம் அரசியலுக்கு வந்தோம். உலகத்தின் இன்னொரு மூலையில் இதே கேள்வியைக் கேட்ட சிலரைப் பற்றி எழுத நினைக்கிறேன். தென்கொரியாவில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் தத்து அனுப்பப்பட்டு, இன்று நடுவயதையும் முதுமையையும் தொட்டுவிட்டவர்கள் அவர்கள். பண்டிகை நாட்களில் போக வீடில்லாமல், அல்லது இருக்கும் வீட்டில் ஒட்ட முடியாமல், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கியவர்கள். அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு.

கொரியப் போர் 1950இல் தொடங்கி 1953இல் நின்றது. அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்த குழந்தைகளை அந்தச் சமூகம் ஏற்கவில்லை. 'ஒரே ரத்தம், ஒரே இனம்' என்று பேசிய சிங்மன் ரீ அரசு, 1954இல் இந்தக் குழந்தைகளை வெளியே அனுப்புவதற்கென்றே ஓர் அலுவலகம் திறந்தது. ரத்தச் சுத்தம் பேசுகிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள்! 1955இல் ஆரிகன் மாநிலத்து விவசாயி ஹாரி ஹோல்ட்டும் அவர் மனைவி பெர்தாவும் எட்டுக் கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தார்கள். அதற்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட்டது. வழி திறந்துகொண்டது.

போர்க்காலத்துக் குழந்தைகள் வளர்ந்து ஆளான பிறகும் விமானம் நிற்கவில்லை. நாடு பணக்கார நாடாக ஆக ஆக, வெளியே போன குழந்தைகளின் எண்ணிக்கையும் ஏறியது. 1985இல் மட்டும் 8,800க்கும் மேற்பட்ட குழந்தைகள் போனார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போனவர்களில் பெரும்பாலோர் திருமணமாகாத தாய்மார்களின் பிள்ளைகள். ஆலைகளில் வேலை பார்த்த இளம்பெண்கள் பலர் அந்தத் தாய்மாரில் உண்டு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் போனார்கள். மொத்தம் ஏறத்தாழ 2 லட்சம் பேர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பிள்ளைகளைக் காப்பாற்ற அரசு செலவழித்திருக்க வேண்டிய பணம் மிச்சம். வெளிநாட்டிலிருந்து கட்டணமும் நன்கொடையும் வரவு.

இதில் ஒரு காகித வேலை இருந்தது. அமெரிக்க விசாவுக்குக் குழந்தை 'அநாதை'யாக இருக்க வேண்டும். தாய் உயிரோடு இருக்கிறாள், பாட்டி இருக்கிறாள், அண்ணன் இருக்கிறான் என்றால் சிக்கல். அதனால் பிள்ளைக்குத் தனியாக ஒரு குடும்பப் பதிவேடு எழுதினார்கள். அதில் அப்பா பெயர் இல்லை, அம்மா பெயர் இல்லை. அந்தக் கைக்குழந்தையே குடும்பத் தலைவர், அந்தக் கைக்குழந்தையே குடும்பம்! கொரியாவில் அப்போது நடப்பில் இருந்த முறைப்படி, குடும்பம் என்றால் ஆண்வழிதான். தகப்பன் ஏற்காத பிள்ளை நிழலில்லாத பிள்ளை. அந்த முறையை அரசியல் சட்ட நீதிமன்றம் 2005இல் தள்ளுபடி செய்தது. 2008இல்தான் அது முழுதாக ஒழிந்தது. அதற்குள் பிள்ளைகள் போய்விட்டார்கள்.

டியான் போர்ஷே லீம் என்ற திரைப்பட இயக்குநரின் கதை இதற்குச் சாட்சி. 1966இல், எட்டு வயதில், அவர் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். போனது வேறொரு சிறுமியின் பெயரில். அந்தச் சிறுமிக்குப் பதிலாக இவரை அனுப்பிவிட்டார்கள். கொரியாவில் இவருக்குத் தாயும் உடன்பிறந்தவர்களும் இருந்தார்கள். காகிதத்தில் யாருமே இல்லை. வளர்ந்தபின் இதைத் தோண்டி எடுத்து 2000இலும் 2010இலும் இரண்டு ஆவணப்படங்களாக்கினார்.

இப்போது பண்டிகைக்கு வருவோம். டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் இரவில் வீட்டார் எல்லோரும் கைகோத்து மரத்தைச் சுற்றிப் பாடி ஆடுவார்கள். அந்த வட்டத்தில் ஒரு முகம் மட்டும் வேறாக இருக்கிறது. பாட்டி, மாமா, அத்தை எல்லோரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனாலும் 'இவன் மூக்கு தாத்தா மாதிரி, இவள் கண்ணு அத்தை மாதிரி' என்ற பேச்சு அங்கேயும் உண்டுதானே? அந்தப் பேச்சு வரும்போது அந்தப் பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வளர்ந்தபின் வாய் திறந்து சொன்னால், 'உனக்கு இங்க என்ன கொறச்ச? நன்றியோட இரு' என்பார்கள். இந்த நன்றிக் கணக்கு நமக்குத் தெரியாததா? கஞ்சி ஊத்தினவன் காலமெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பான். சோறு போட்டதற்கு விலையாக வாயை மூடச் சொல்வது ஆண்டைகளின் பழைய பழக்கம். அன்பானவர்கள் கேட்டாலும் அது அதே கணக்குதான்.

சரி, பிறந்த நாட்டுக்கே திரும்பிப் போனால்? அங்கே சூசொக் என்ற அறுவடைத் திருநாள் இருக்கிறது. சந்திரக் கணக்கில் எட்டாம் மாதப் பௌர்ணமி. முன்னோர் கல்லறையில் புல் செதுக்கி, புதுநெல் அரிசியில் கொழுக்கட்டை செய்து படைப்பார்கள். சியோல் நகரமே காலியாகி எல்லோரும் சொந்த ஊருக்குப் போவார்கள். திரும்பி வந்த தத்துப்பிள்ளைக்கு எந்த ஊர்? எந்தக் கல்லறை? கிறிஸ்துமஸில் முகம் இடித்தது என்றால், சூசொக்கில் மொழி இடிக்கிறது.

நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவள். பொங்கலுக்கு விடுதியைப் பூட்டுவார்கள். போக வீடில்லாத ஒன்றிரண்டு பிள்ளைகளைச் சமையல்கார அக்கா தன் வீட்டுக்குக் கூட்டிப்போவார். 'எம்புள்ளைங்களோட சேர்ந்து தின்னட்டுமே' என்பார். பின்னால் எம்.ஏ. தமிழ் படிக்கும்போது 'சுற்றம்' என்ற சொல்லைப் பார்த்தேன். அந்தச் சொல்லில் ரத்தம் இல்லை. சுற்றி இருப்பவர்கள், அவ்வளவுதான். கொரியத் தத்துப்பிள்ளைகள் கட்டியது இந்தச் சுற்றத்தைத்தான்.

முதலில் அவர்களுக்காக மற்றவர்கள்தான் விழா எடுத்தார்கள். அமெரிக்காவில் வளர்ப்புப் பெற்றோர் கோடைமுகாம் நடத்தினார்கள். கொரிய உடை, கொரிய நடனம், காகித விசிறி. கொரிய அரசும் 'தாய்நாட்டுச் சுற்றுலா' என்று அழைத்துப்போய்க் காட்டியது. நம்ம ஊர் சமபந்தி விருந்து மாதிரிதான். இலை போடுபவர் ஒருத்தர், படம் எடுப்பவர் ஒருத்தர், சாப்பிடுகிறவருக்கு மட்டும் பேச்சில்லை. ஐம்பது வயதானாலும் அவர்கள் 'குழந்தைகள்' என்றே அழைக்கப்பட்டார்கள்.

பெரியவர்களாகிவிட்ட தத்துப்பிள்ளைகள் தங்களுக்கென ஒரு சங்கம் வைத்தது 1986இல், ஸ்வீடனில். நியூயார்க்கில் 1996இல் ஒன்று வந்தது. திரும்பி வந்தவர்கள் 1998இல் சியோலிலேயே 'கோவல்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1999 செப்டம்பரில் வாஷிங்டனில் ஏறத்தாழ 400 பேர் ஒன்றுகூடினார்கள். 2003இல் சியோலில் 'கோரூட்' என்ற தங்கும் வீடு திறந்தது. கூடிச் சாப்பிடுவது, பண்டிகைக்கு ஆள் சேர்ப்பது, மொழி தெரியாதவருக்குத் துணைபோவது, தாயைத் தேடுபவரோடு அலுவலகம் அலுவலகமாக நடப்பது ஆகியவை இந்த அமைப்புகளின் அன்றாட வேலை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கித்தராத வளர்ப்புப் பெற்றோரால், நடுவயதில் கொரியாவுக்கே நாடு கடத்தப்பட்டவர்களும் உண்டு. 2001இல் அமலான அமெரிக்கச் சட்டம் அன்றைக்குப் 18 வயதைத் தாண்டியிருந்தவர்களை விட்டுவிட்டது. அப்படி வந்து இறங்கியவருக்கு அந்த நாட்டில் முதலில் பேச்சுத்துணையாக இருந்தவர்களும் இவர்களே.

பந்தியில் உட்கார்ந்தால் பேச்சு வரும். பேச்சு வந்தால் காகிதம் வெளியே வரும். 'என் கோப்பில் தெருவில் கிடந்ததாக எழுதியிருக்கிறது', 'அட, என் கோப்பிலும் அதேதான்' என்று பேச ஆரம்பித்தால், தனக்கு மட்டும் நேர்ந்த விதி என்று நினைத்திருந்தது ஓர் ஏற்பாடு என்று புரிந்துவிடும். ஒவ்வொருத்தர் நெஞ்சிலும் தனித்தனியாகக் கிடந்த துக்கம் இப்படித்தான் சாட்சியமாகிறது. 1999இல் கொரியாவில் தங்கி வேலை செய்யும் உரிமை கிடைத்தது. திருமணமாகாத தாய்மார்களோடு கைகோத்துப் போராடியதில், பிறப்பைப் பதியாமலும் நீதிமன்றம் போகாமலும் பிள்ளையை அனுப்ப முடியாது என்ற சட்டம் 2011இல் நிறைவேறி 2012இல் அமலானது. அரசு மே 11ஐத் 'தத்தெடுப்பு நாள்' என்று கொண்டாட, இவர்கள் 2011இல் அதே நாளைத் 'தனித்தாய்மார் நாள்' ஆக்கினார்கள். ஒரு பண்டிகைக்கு எதிராக இன்னொரு பண்டிகை!

2022இல் டென்மார்க்கில் வளர்ந்தவர்கள் கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் கதவைத் தட்டினார்கள். பின் 11 நாடுகளிலிருந்து 367 பேர் மனு கொடுத்தார்கள். 2025 மார்ச் 26 அன்று ஆணையம் முதல் 56 பேரை மனித உரிமை மீறலுக்கு ஆளானவர்கள் என்று ஏற்றது. பொய்ப் பதிவேடு, ஆள்மாற்றம், தாயின் முறையான சம்மதமின்மை எல்லாம் உண்மை என்றது. மீதி 311 பேரின் விசாரணை அடுத்த மாதமே நிறுத்தப்பட்டது. அக்டோபர் 2 அன்று, சூசொக்குக்கு நான்கு நாள் இருக்கையில், அதிபர் லீ ஜே-மியுங் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 1998இல் அதிபர் கிம் டே-ஜுங் கேட்டதற்கு 27 ஆண்டு கழித்து.

இது எங்கோ நடந்தது என்று நாம் இருக்க முடியாது. இலங்கையிலிருந்து எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஏறத்தாழ 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குப் போனார்கள். தாய் வேஷம் போட ஆள் வைத்துக் கையெழுத்து வாங்கியது 2017இல் வெளியே வந்தது. சென்னைக் குடிசைப் பகுதிகளில் திருடப்பட்ட குழந்தைகள் வெளிநாட்டுக்குத் தத்துப் போனதை 2005இல் காவல்துறை கண்டுபிடித்தது. அந்தப் பிள்ளைகளும் இப்போது பெரியவர்கள். அவர்களில் யாராவது ஒரு தைப் பொங்கலுக்கு நம் தெருவுக்கு வந்து நிற்கலாம். தமிழ் தெரியாது, தாயின் பெயர் தெரியாது, கையில் ஒரு பொய்க் காகிதம் மட்டும் இருக்கும்.

வந்தால் பாவம் பார்க்க வேண்டாம். இலையைப் போட்டு உட்கார வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்து, கையெழுத்துப் போட்டவன் யார் என்று அவரோடு சேர்ந்து தேடுங்கள்.