அனிமோன் மலரும் அதன் விதை வரலாறும்

அனிமோன் கொரோனாரியா என்பது மத்தியதரைக் கடல் நாடுகளைத் தாயகமாகக் கொண்ட பல்லாண்டுப் பூச்செடியாகும். கோடையில் இதன் இலைகள் காய்ந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு உயிரோடு இருந்து, மழைக்குப் பின் மீண்டும் தளிர்க்கும். சிவப்பு, நீலம், ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை நிறங்களில் பூக்கும். 2013ஆம் ஆண்டு இது இசுரேலின் தேசிய மலராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

கிழங்கும் விதையும்

இச்செடியைக் கிழங்கைப் பிரித்தும் வளர்க்கலாம், விதைத்தும் வளர்க்கலாம். கிழங்கிலிருந்து வரும் செடி தாய்ச்செடியைப் போலவே பூக்கும். விதையிலிருந்து வருபவை அப்படியல்ல. அயல் மகரந்தச் சேர்க்கை மிகுந்த செடி என்பதால், ஒரே பூவின் விதைகளிலிருந்தும் பல நிறச் செடிகள் தோன்றும். எனவே புதிய வகை வேண்டியவர்கள் விதையையே நாடினர்.

ஐரோப்பியத் தோட்டங்களில்

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அனிமோன் ஐரோப்பியச் செல்வர்களின் தோட்டங்களில் இடம்பிடித்தது. லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்தை உருவாக்கிய கரோலஸ் குளூசியஸ், 1601இல் வெளியிட்ட நூலில் இதன் பல வகைகளை விவரித்தார். ஆங்கிலேயரான ஜான் பார்க்கின்சன் 1629இல் வெளியிட்ட தோட்ட நூலிலும் அனிமோன்களுக்கு விரிவான இடம் உண்டு.

அக்காலத்தில் அரிய வகையின் கிழங்கை வைத்திருந்தவரே அதற்கு உரிமையாளர். அவர் கொடுத்தாலன்றிப் பிறருக்குக் கிடைக்காது. பாரிசைச் சேர்ந்த பாஷெலியே என்பவர் தம் அனிமோன்களைப் பத்து ஆண்டுகள் யாருக்கும் கொடுக்கவில்லை என்றும், பாரிசு நீதிமன்ற உறுப்பினர் ஒருவர் நீண்ட அங்கி அணிந்து விதை முற்றும் பருவத்தில் அத்தோட்டத்தைப் பார்க்கச் சென்றார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அங்கி விதைத்தலைகளில் உரசியது. ஒட்டிய விதைகளோடு அதைப் பணியாள் மடித்து எடுத்துக்கொண்டான். பின்னர் அச்செடி பலர் தோட்டங்களில் பூத்ததாம்.

இது செவிவழிச் செய்தியே எனினும், விதையின் இயல்புக்குப் பொருந்துகிறது. சிறிய, தட்டையான இவ்விதையைப் பஞ்சு போன்ற மயிரிழைகள் மூடியிருக்கும். இயற்கையில் காற்று இதைப் பரப்புகிறது. துணியிலும் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

விதைக்கும் முறை

பஞ்சிழைகளால் விதைகள் ஒன்றோடொன்று சிக்கித் திரளும். எனவே அவற்றை உலர்ந்த மணலோடு கலந்து, உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்துப் பிரித்தபின் தூவுவர். மேலே மெல்லிய மண்போர்வை போதும். முளைக்கக் குளிர்ந்த சூழல் தேவை. ஏறத்தாழ 15 பாகை செல்சியசு ஏற்றது. மண் ஈரமாக இருக்க வேண்டும், நீர் தேங்கக் கூடாது. முளைக்கச் சில வாரங்கள் ஆகும். நாற்று முதலில் சிறு கிழங்கை உருவாக்கி, அதன் பின்னரே பூக்கும்.

பிற்கால வகைகள்

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கான் நகரப் பெயரால் ஓரடுக்குப் பூக்களைக் கொண்ட 'டி கான்' வகை புகழ்பெற்றது. அயர்லாந்தில் 'செயின்ட் பிரிஜிட்' என்ற பல இதழடுக்கு வகை விதைத்தெடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இவற்றின் கிழங்குகள் இன்றும் விற்பனையாகின்றன.

இன்றைய வெட்டுமலர்ச் சந்தைக்கு 'மோனா லிசா' போன்ற முதல் தலைமுறைக் கலப்பின விதைகள் வந்துள்ளன. இவை ஒரே சீராகப் பூக்கும். ஆனால் அப்பூக்களின் விதையைச் சேமித்து விதைத்தால் அதே சீர் கிடைப்பதில்லை. அதனால் வளர்ப்பவர் நிறுவனத்திடமிருந்தே மீண்டும் விதை வாங்க வேண்டியுள்ளது. தோட்டச் சுவரால் காக்க இயலாத உரிமையை, இன்று விதையின் மரபியலே காத்துத் தருகிறது.