தான்றி மரமும் ஹைகன்ஸின் 'எக்ஸு'ம்

நிகழ்தகவுப் பாடத்தில் (தில்லியில் வளரும் நம் பிள்ளைகளிடம் 'ப்ராபபிலிடி' என்றால்தான் புரியும்) ஓர் இடம் வரும்போது பிள்ளைகள் முகம் மாறும். பையில் நாலு சிவப்புப் பந்து, ஆறு நீலப் பந்து என்கிறவரை கிளை கிளையாகப் படம் போட்டுப் பெருக்கி விடுவார்கள். பந்து எத்தனை என்பதையே சொல்லாமல் 'என்' என்று வைத்துவிட்டால் போச்சு!

2015 ஜூனில் இங்கிலாந்தின் ஜிசிஎஸ்இ தேர்வில் இப்படித்தான் ஒரு கணக்கு வந்து, பிள்ளைகள் ட்விட்டரில் ஒரே கூப்பாடு. ஹானாவின் பையில் 'என்' மிட்டாய்கள், அதில் 6 ஆரஞ்சு நிறம். ஒன்றை எடுத்துத் தின்கிறாள், பிறகு இன்னொன்று. இரண்டுமே ஆரஞ்சாக இருக்க வாய்ப்பு மூன்றில் ஒன்று. இதை வைத்து ஓர் இருபடிச் சமன்பாட்டை நிறுவச் சொன்னார்கள். கிளைப்படம் போட்டால் இரண்டே படி: முதலில் 6/என், அடுத்து 5/(என்−1). பெருக்கினால் 1/3 வர வேண்டும். அதாவது என் × (என்−1) = 90. பத்து மிட்டாய், தீர்ந்தது.

கிளைப்படத்துக்குள் அல்ஜீப்ராவைக் கொண்டுவந்து நுழைத்தது யார்?

ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க வாசலில் இந்தக் கேள்வியைப் போட்டால், "எல்லாம் நம்மிடம் இருந்ததுதான் சார்" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அதை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. நளன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சூதில் நாட்டைத் தோற்ற நளன், உருமாறி, ருதுபர்ணனுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். வழியில் ஒரு தான்றி மரம். மகாபாரதத்தில் ருதுபர்ணன் அதைப் பார்த்த மாத்திரத்தில், இரண்டு கிளைகளில் 5 கோடி இலை, 2095 காய் என்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. அந்த வித்தையையும் சூதாட்ட ரகசியத்தையும் ருதுபர்ணன் கற்றுக்கொடுக்க, பதிலுக்கு நளன் குதிரை வித்தையைக் கொடுக்கிறான். பழங்காலத்தில் சூதுக்காயாக உருட்டியதே தான்றிக்காயைத்தான்! நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயான் ஹாக்கிங் 1975-ல் வந்த தன் புத்தகத்தில் இந்தக் கதையை எடுத்துப் பேசுகிறார். ஒரு சிறு கிளையைப் பார்த்து மொத்தத்தையும் கணிப்பதும் சூதாட்டமும் ஒரே அறிவு என்று யாரோ அன்றைக்கே நினைத்திருக்கிறார்கள் என்பது அவர் வியப்பு. ஆனால் ருதுபர்ணன் எப்படிக் கணக்கிட்டான்? அதைக் கதை சொல்லவில்லை.

கிளைத்து எண்ணுவதும் நமக்குப் புதிதல்ல. யாப்பு படித்தவர்களுக்குத் தெரியும். அசை இரண்டு வகை, நேர், நிரை. ஈரசைச் சீர் 4: தேமா, புளிமா, கூவிளம், கருவிளம். மூவசைச் சீர் 8, நாலசைச் சீர் 16. ஒவ்வோர் அசையிலும் மரம் இரண்டாகக் கிளைக்கிறது, அவ்வளவுதான். வடமொழியில் பிங்கலரின் லகு-குரு கணக்கும் இதே ஜாதி. தெரியாத எண்ணுக்குப் பெயர் வைப்பதும் இருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் பீஜகணிதத்தில் கறுப்பு, நீலம், மஞ்சள் என்று நிறங்களின் பெயரையே வைத்தார்.

ஆக சூது இருந்தது, கிளை இருந்தது, அல்ஜீப்ராவும் இருந்தது. மூன்றையும் ஒரே தாளில் வைத்துப் போட்ட கணக்குதான் நான் பார்த்தவரை இல்லை. நம்மவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் 'இருந்தது' என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது எது இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

அந்தக் கணக்கைப் போட்டவர் ஹாலந்துக்காரர் கிறிஸ்தியான் ஹைகன்ஸ். 1654-ல் பாஸ்கலும் ஃபெர்மாவும், பாதியில் நின்ற ஆட்டத்தில் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கடிதம் எழுதிக்கொண்டார்கள். அடுத்த வருடம் பாரிஸ் போன ஹைகன்ஸ் காதில் அந்தச் சேதி விழுந்தது. 1657-ல் சூதாட்டக் கணக்குக்கென்றே ஒரு சிறு நூல் போட்டுவிட்டார். அதன் 14-ஆவது கணக்குதான் விஷயம். பெயர்களை மட்டும் நம் வசதிக்கு மாற்றியிருக்கிறேன்.

ராமுவும் சோமுவும் மாறி மாறி இரண்டு பகடைகளை உருட்டுகிறார்கள். முதலில் ராமு. கூட்டுத்தொகை 6 விழுந்தால் ராமு ஜெயித்தான், 7 விழுந்தால் சோமு. யாருக்கு வாய்ப்பு அதிகம்?

மரம் போடுங்கள். 36 வழிகளில் 6 விழுவது 5 வழி, 7 விழுவது 6 வழி. ராமு 5/36 வாய்ப்பில் ஜெயிக்கிறான், இல்லையென்றால் (31/36) ஆட்டம் சோமுவிடம் போகிறது. சோமு 6/36-ல் ஜெயிக்கிறான், இல்லையென்றால் (30/36) மறுபடி ராமு. மறுபடி சோமு... காகிதம் தீர்ந்துவிடும், மரம் முடியாது.

இங்கேதான் அல்ஜீப்ரா கைகொடுக்கிறது. ஆட்டம் மறுபடி ராமுவிடம் வந்ததும் நிலைமை அச்சு அசலாக ஆரம்பத்தில் இருந்ததேதான். அந்தக் கிளையில் முளைப்பது முழு மரம்! ராமு உருட்டப் போகும்போது சோமுவின் வாய்ப்பு 'எக்ஸ்', சோமுவே உருட்டப் போகும்போது 'ஒய்' என்று வைத்தால்:

எக்ஸ் = 31/36 × ஒய்
ஒய் = 6/36 + 30/36 × எக்ஸ்

எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். எக்ஸ் = 31/61. முதலில் உருட்டுவது ராமு என்றாலும், 31-க்கு 30 என்று சோமு பக்கம்தான் தராசு மயிரிழை சாய்கிறது. 1657 நூலில் சமன்பாடுதான் உண்டு. இன்று நாம் போடுகிற மாதிரி கிளைப்படம் ஒன்றை ஹைகன்ஸ் 1676-ல் தன் குறிப்புகளில் வரைந்திருக்கிறார்.

ருதுபர்ணன் வேலையும் நின்றுவிடவில்லை. மஹலநோபிஸ் முன்னின்று 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் களப்பணிப் பிரிவுக்கு வருடக்கணக்காகத் தலைமையகம் நம்ம ஆர்.கே.புரம் ஈஸ்ட் பிளாக்தான். பஸ்ஸில் தினமும் தாண்டிப் போயிருப்பீர்கள். கிராமப்புறத்தில் முதலில் சில ஊர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த ஊருக்குள் சில வீடுகளை. இதுவும் இரண்டு படிக் கிளைப்படம். ஓர் ஊர் சிக்க வாய்ப்பு 1/500, அந்த ஊரில் ஒரு வீடு சிக்க 1/20 என்று வைத்துக்கொண்டால், பெருக்கினால் 1/10,000. அந்த வீட்டம்மா "மாசம் 30 கிலோ அரிசி" என்று சொன்னால், அது 10,000 வீட்டு அரிசியாகக் கணக்கில் ஏறும்.