களிமண்ணின் இயல்பு கண்ட பேராசிரியர்

கட்டடம் எத்துணை உறுதியாயினும், அதனைத் தாங்கும் நிலம் உறுதியற்றதாயின் அது நில்லாது. நிலவகைகளுள் களிமண்ணே பொறியியலாளரைப் பெரிதும் மயங்கச் செய்வது. காய்ந்தால் கல்போல் இறுகும்; நீருண்டால் குழையும்; சுமையேற்றினால் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அமிழும். இதன் நடத்தையை ஒரு கணக்கிற்குள் அடக்க முயன்றோருள் ஈழத்தமிழர் ஒருவரும் உளர் என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி. அவரே பேராசிரியர் அழகையா துரைராஜா.

1934-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்றார். 1957-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பட்டத்தை முதல் வகுப்பிற் பெற்றார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று, மண்ணியக்கவியல் அறிஞர் ரோஸ்கோவின் ஆய்வுக் குழுவிற் சேர்ந்தார்.

அங்கு இவர் செய்தது யாது? கயோலின் என்னும் வெண்களிமண்ணை அமுக்கிச் சிதையச் செய்து, அதற்குச் செலவாகும் ஆற்றலைக் கணக்கிட்டார். நீர் வெளியேற இடந்தந்தும் சோதித்தார். வெளியேறாது அடைத்தும் சோதித்தார். இருவகைச் சோதனையிலும், உராய்வினால் அழியும் ஆற்றல் ஒரே எளிய விதிக்கு அடங்குவதைக் கண்டார். அமுக்கமும் உருத்திரிபும் எவ்வளவோ, அவ்வளவிற்கேற்ப அது அமைந்தது. மண்ணின் கனவளவு மாறினும் அவ்விதி மாறவில்லை. சிக்கலாய்த் தோன்றிய பொருளின் உள்ளே இத்தகைய எளிமை உறைந்திருந்தது!

1963-இல் ரோஸ்கோ, ஸ்கோஃபீல்டு, துரைராஜா ஆகிய மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை 'ஜியோடெக்னிக்' இதழில் வெளிவந்தது. இவ்வாய்வுகளின் வழியே உருவான களிமண் கோட்பாட்டுக்குக் கேம் ஆற்றின் பெயரே சூட்டப்பட்டது. 'கேம் களிமண்' என்னும் அப்பெயர் இன்று உலகெங்கும் பொறியியல் மாணவர் அறிந்தது. அதற்கு அடிப்படையான விதியைக் கண்டவரின் பெயரை அறிந்தவரோ மிகச் சிலரே.

பெயரை நாடியிருப்பின் அவர் மேலைநாட்டிலேயே தங்கியிருக்கலாம். அவரோ தாயகம் திரும்பி ஆசிரியப் பணியை மேற்கொண்டார். பேராதனையிற் குடிசார் பொறியியற் பேராசிரியராகவும், பொறியியற் பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கினார். 1988-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். அப்பல்கலைக்கழகத்தில் அன்று பொறியியற் பீடமே இல்லை என்பது கருதத்தக்கது. தம் துறைக்கு இடமில்லாத கழகத்தை, அதுவும் போர்க்காலத்தில், அவர் ஏற்று நடத்தினார். 1990-இல் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று. அந்த ஆண்டிலேயே கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கிற்று. விளக்கு அணைந்த வேளையிலும் வகுப்பறை வேண்டுமென்ற துணிவு அதிற் புலனாகிறதன்றோ?

1994 ஜூன் 11-ஆம் நாள் அவர் மறைந்தார்.

ஆய்வாளனுக்குப் புகழ் தருவது அவன் கண்ட உண்மை. ஆசிரியனுக்கோ, அவ்வுண்மையை எவர்க்குக் கொடுத்தான், எந்நாளிற் கொடுத்தான் என்பதே அளவுகோல். துரைராஜா இரண்டிலும் நிறைவு கண்டார். அடித்தளம் மண்ணுள் மறைந்தே கிடக்கும்; கட்டடம் நிற்பது அதன்மேல்தான். வகுப்பறையில் நாள்தோறும் அடித்தளமிடும் ஆசிரியப் பெருமக்கள் இவர் வரலாற்றைத் தம் மாணவர்க்கு எடுத்துரைப்பாராக.