புஷ் விமானங்களின் வெற்று எடைக் குறைப்பு

சாலை எட்டாத காடு, ஆற்று மணல்திட்டு, உறைந்த ஏரி, மலைச்சரிவு ஆகிய இடங்களில் ஏறி இறங்கும் சிறு விமானங்களை அலாஸ்காவிலும் கனடாவிலும் புஷ் விமானங்கள் என்பர். ஆளும் சரக்கும் பறப்பதற்கான பெட்ரோலும் ஏற்றுவதற்கு முன் விமானத்துக்கு இருக்கும் எடையே அதன் வெற்று எடை. அனுமதிக்கப்பட்ட உச்ச எடையில் இதைக் கழித்தால் மிஞ்சுவது பயன்சுமை. உச்ச எடை சான்றிதழில் எழுதப்பட்ட எண், எளிதில் மாறாது. அதனால் விமானத்திலிருந்து கழற்றிய ஒவ்வொரு கிலோவும் மருந்தாகவோ மாவாகவோ பெட்ரோலாகவோ திரும்ப ஏறிக்கொள்ளலாம்.

எடை ஓடுதூரத்தையும் ஆள்கிறது. மொத்த எடை 10 விழுக்காடு கூடினால் எழும்பும் வேகம் 5 விழுக்காடு கூட வேண்டும். அந்த வேகத்தை எட்டுவதும் தாமதமாகும். இரண்டும் சேர்ந்து, எழும்பத் தேவையான தூரம் குறைந்தது 21 விழுக்காடு நீளும் என்கிறது அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விமானிகள் கையேடு. நூறு மீட்டர் மணல்திட்டில் நிற்பவருக்கு அந்த 21 மீட்டர்தான் வில்லோப் புதருக்கும் வானத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி.

இந்த வரலாற்றை பைப்பர் கப் விமானத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். 1938இல் வந்த ஜே-3 கப், பற்றவைத்த உருக்குக் குழாய்ச் சட்டத்தின் மேல் பருத்தித் துணி போர்த்தியது. வெற்று எடை ஏறத்தாழ 347 கிலோ. உச்ச எடை 553 கிலோ. மின் இணைப்பே கிடையாது. புரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும். பெட்ரோல் அளவைக் காட்டக் கருவி இல்லை. தொட்டியில் மிதக்கும் தக்கையில் செருகிய கம்பி, மூடியின் துளை வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கம்பி இறங்க இறங்க பெட்ரோல் குறைகிறது என்று பொருள். இதைவிட எளிய அளவுகோலை நான் அறியேன்.

ஆனால் ஜே-3 எஞ்சினின் 65 குதிரைத்திறன் மலைநாட்டுக்குப் போதவில்லை. 1949இல் வந்த சூப்பர் கப், 1950களின் நடுவில் 150 குதிரைத்திறன் எஞ்சினைப் பெற்றது. இறக்கை மடல், ஸ்டார்ட்டர், பேட்டரி எல்லாம் வந்தன. வெற்று எடை சுமார் 422 கிலோவானது, உச்ச எடை 794 கிலோ. பயன்சுமை 372 கிலோ. தொட்டி நிறையப் பெட்ரோல் சுமார் 98 கிலோ, விமானி 80 கிலோ என்று வைத்தால், பயணிக்கும் பொருளுக்கும் மிஞ்சுவது 194 கிலோ. வேட்டைக்காரர் ஒருவரையும் அவரது முகாம் மூட்டையையும் கொண்டுசெல்ல அது நிறைவான அளவு.

அலாஸ்காவில் இந்தக் கணக்கு மெல்ல மெல்லக் கெட்டது. கற்களின் மேல் உருளப் பெரிய டயர், வலுவூட்டிய சக்கரக் கால்கள், நீட்டிய சரக்கறை, கூடுதல் பெட்ரோல் தொட்டி, ரேடியோக்கள் என்று ஒவ்வொன்றும் தக்க காரணத்தோடுதான் ஏறின. பழுது பார்க்கும்போது ஒட்டுப்போட்ட குழாய்களும், பழைய வண்ணத்தின் மேல் பூசிய புது வண்ணமும் கேளாமலே சேர்ந்தன. 500 கிலோவைத் தாண்டிய சூப்பர் கப்கள் அங்கே சாதாரணம். மேற்சொன்ன 194 கிலோவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதிலேயே கரைந்துவிடும்.

எடைக் குறைப்பு தனிக் கலையாக வளர்ந்தது இதற்கு மறுமொழியாகவே. முதலில் எளிய கைவேலை: பின்னிருக்கையைக் கழற்றுவது, தேவையற்ற உள்பூச்சுப் பலகைகளை எடுப்பது. பிறகு பொருட்கள் மாறின. ஈய பேட்டரியின் இடத்தில் அதன் எடையில் சிறு பங்கே உள்ள லித்தியம் பேட்டரி வந்தது. பழைய ஸ்டார்ட்டரின் பாதி எடையில் புதியது கிடைத்தது. காற்றுறிஞ்சும் பம்பையும் அதனால் சுழலும் கருவிகளையும் சேர்த்து நீக்கி, ஒரே மின்னணுத் திரையை வைத்தனர். பருத்தித் துணிக்குப் பதில் பாலியெஸ்டர் வந்தது. நிறம் ஏற்றியே வரும், வண்ணப்பூச்சே வேண்டாத ஒராடெக்ஸ் துணி அடுத்த படி. தரைப்பலகையும் இருக்கையும் கார்பன் இழைக்கு மாறின.

எங்கே குறைக்கிறோம் என்பது எவ்வளவு குறைக்கிறோம் என்பதற்கு இணையான கேள்வி. உலோக புரொப்பெல்லரை எடுத்துவிட்டு இலேசான கலப்பிழை புரொப்பெல்லர் பூட்டினால் மூக்கு இலேசாகி, ஈர்ப்பு மையம் வால் பக்கம் நகரும். சரக்கை ஏற்கெனவே பின்னால் அடுக்கும் விமானத்துக்கு இது ஆபத்து. வேகம் இழந்து சரியும்போது மூக்கை மீண்டும் தாழ்த்த முடியாமல் போகலாம். அதனால்தான் மாற்றம் முடிந்ததும் மூன்று சக்கரங்களையும் தராசில் ஏற்றி மறுபடி கணக்குப் போடுகிறார்கள்.

பழைய சட்டத்தைச் செதுக்குவதை விட்டுப் புதிதாகவே வரைந்தது, வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் ஜிம் ரிச்மண்ட் 1980இல் நிறுவிய கப்கிராஃப்டர்ஸ். அமெரிக்கா 2004இல் வகுத்த இலகு விளையாட்டு விமானப் பிரிவின் உச்ச எடை அப்போது 600 கிலோவாக இருந்தது. அதற்குள் அடங்க அவர்கள் 2009இல் வெளியிட்ட கார்பன் கப்பின் எஞ்சின் 180 குதிரைத்திறன். வெற்று எடையோ சுமார் 408 கிலோ. அதிக வலிமையோடு எடையும் குறைந்த அந்த எண்ணை இந்த வரலாற்றின் திருப்புமுனை என்பேன்.

அலாஸ்காவின் வால்டெஸ் நகரில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் குறுந்தூரப் போட்டி இந்த முயற்சிகளுக்குத் திறந்த களமானது. 2018இல் டேன் ரெய்னால்ட்ஸ் ஓட்டிய மிகச் சிறு விமானம் எழவும் இறங்கவும் சேர்த்து ஓடிய தூரம் ஏறத்தாழ 6 மீட்டர். அன்றாடச் சுமை சுமக்கும் விமானத்தை அதோடு ஒப்பிடக் கூடாது.

அன்றாட விமானி எல்லாவற்றையும் கழற்றுவதில்லை. காற்றழுத்தம் குறைந்த பெரிய டயர் கனமானது; ஆனாலும் அது இல்லாமல் கூழாங்கல் கரையில் இறங்க முடியாது, ஆகவே அந்த எடையை மனமறிந்தே சுமக்கிறார். உணவு, கோடரி, முதலுதவிப் பெட்டி, மீன்பிடிக் கருவி, தீமூட்டும் பொருள் ஆகியவற்றை விமானத்தில் வைத்திருக்க அலாஸ்கா மாநிலச் சட்டமே சொல்கிறது. குளிர்காலத்தில் பனிக்காலணியும் உறங்குபையும் சேரும். இவை பயன்சுமைக் கணக்கில் வருபவை. விமானத்தின் உடலில் இளைத்த கிலோக்களில் இவற்றுக்கே முதல் உரிமை.