டேனிய மன்னரின் சாசனம் முதல் வங்கச் சட்டம் வரை: செராம்பூர் பல்கலைக்கழகத்தின் வரலாறும் நிர்வாகமும்

கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்துள்ளது செராம்பூர் கல்லூரி. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857-ல் தோன்றுவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே பட்டம் வழங்கும் அதிகாரத்தைப் பெற்ற நிறுவனம் இது. அந்த அதிகாரத்தை அளித்தவர் ஆங்கிலேய ஆட்சியாளர் அல்லர். டென்மார்க் மன்னர் ஆறாம் ஃபிரடெரிக்.

மன்னரின் சாசனம், இரு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கை, வங்கச் சட்டமன்றம் இயற்றிய தனிச்சட்டம் ஆகிய மூன்றின் மீதும் நிற்கும் இந்த நிறுவனம், இன்று திருச்சபைகள் பல இணைந்து நடத்தும் இறையியல் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள இறையியல் கல்லூரிகளும் இதனுடன் இணைவு பெற்றவை.

டேனியக் கொடியின் கீழ் ஒரு புகலிடம்

டேனியர்கள் 1755-ல் செராம்பூரில் வணிகக் குடியேற்றத்தை நிறுவினர். தங்கள் மன்னரின் பெயரால் அதற்கு ஃபிரடெரிக்ஸ்நகர் என்று பெயரிட்டனர். தமிழகக் கடற்கரையில் 1620 முதல் அவர்கள் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு அடுத்து, இந்தியாவில் அவர்களுடைய முக்கியத் தளமாக இது விளங்கியது.

இங்கிலாந்தின் பாப்டிஸ்ட் மிஷனரி சொசைட்டியைச் சேர்ந்த வில்லியம் கேரி 1793-ல் வங்கம் வந்தார். தனது ஆட்சிப்பகுதியில் மதப்பணியாளர்கள் தங்குவதைக் கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது விரும்பவில்லை. எனவே, 1799-ல் வந்த யோசுவா மார்ஷ்மனும் வில்லியம் வார்டும் கம்பெனியின் எல்லைக்கு வெளியே இருந்த செராம்பூரில் இறங்கினர். டேனிய ஆளுநர் ஓலே பீ அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தார். 1800 ஜனவரியில் கேரியும் அவர்களுடன் சேர்ந்தார். அதே ஆண்டில் அங்கு அச்சகம் தொடங்கப்பட்டது. 'செராம்பூர் மூவர்' என்று பின்னாளில் அழைக்கப்பட்ட இவர்களின் பணி, மொழிபெயர்ப்பு, அச்சு, பள்ளிக்கல்வி, இதழியல் எனப் பல துறைகளிலும் விரிந்தது.

1818: கல்லூரியின் தொடக்கம்

1818 ஜூலையில் கல்லூரிக்கான திட்ட அறிக்கையை மூவரும் வெளியிட்டனர். ஆசியக் கிறிஸ்தவ இளைஞர்களுக்கும் பிற இளைஞர்களுக்கும் கீழைத்தேய இலக்கியத்தையும் ஐரோப்பிய அறிவியலையும் ஒருங்கே கற்பிப்பது அதன் நோக்கமாகக் குறிப்பிடப்பட்டது. முதல் அணியில் 37 மாணவர்கள் இருந்தனர். அவர்களில் கிறிஸ்தவர்களோடு கிறிஸ்தவர் அல்லாதவர்களும் இடம்பெற்றனர்.

திருச்சபைப் பணியாளர்களை உருவாக்குவதற்கான நிறுவனமாக இருந்தபோதும், சேர்க்கைக்கு மதம் தடையாக வைக்கப்படவில்லை. சமஸ்கிருதமும் வங்க மொழியும் பாடத்திட்டத்தில் முதன்மையிடம் பெற்றன. திருச்சபை சார்ந்த நிறுவனம் யாருக்கானது என்ற கேள்வி அன்றே எழுந்தது. அதற்கு அளிக்கப்பட்ட விடை, பின்னர் கல்லூரியின் விதிகளிலேயே எழுதப்பட்டது.

1827: அரச சாசனம்

ஒரு கல்லூரி நிலைத்து நிற்க வேண்டுமானால், அதன் சொத்துகளும் உரிமைகளும் தனிநபர்களின் வாழ்நாளைக் கடந்து தொடர வேண்டும். வார்டு 1823-ல் மறைந்தார். அதன் பின்னர் ஐரோப்பா சென்ற மார்ஷ்மன், கோபன்ஹேகனில் டேனிய மன்னரிடம் சாசனம் கோரினார். 1827 பிப்ரவரி 23 அன்று அச்சாசனம் வழங்கப்பட்டது.

சாசனம் கல்லூரியைத் தொடர் வாரிசுரிமை கொண்ட சட்டபூர்வ அமைப்பாக்கியது. சொத்து வைத்திருக்கவும் பட்டங்கள் வழங்கவும் அதற்கு அதிகாரம் அளித்தது. டேனிய முடியாட்சியின் கீழ் இருந்த கோபன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களுக்கு நிகரான நிலை இதனால் செராம்பூருக்குக் கிடைத்தது. நிர்வாகப் பொறுப்பு 'மாஸ்டர்' என்ற தலைவரிடமும் அவரை உள்ளடக்கிய கவுன்சில் எனும் ஆட்சிமன்றத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. கேரி, மார்ஷ்மன், அவருடைய மகன் ஜான் கிளார்க் மார்ஷ்மன் ஆகியோர் முதல் ஆட்சிமன்றத்தில் இடம்பெற்றனர்.

1833-ல் வகுக்கப்பட்ட விதிகள் இந்த அமைப்புக்கு உருவம் கொடுத்தன. சாதி, நிறம், நாடு ஆகியவற்றைக் காட்டி எவருக்கும் சேர்க்கை மறுக்கப்படலாகாது என்று அவை கூறின. அதேவேளை, நிர்வாகத்திலும் கற்பித்தலிலும் பொறுப்பேற்போர் கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படைகளை ஏற்றவர்களாக இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தன. நிர்வாகம் திருச்சபையின் கையில், கல்வி அனைவருக்கும் பொது என்ற இந்த இரட்டை ஏற்பாடு, பிற்காலத்தில் இந்தியாவின் பல கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களிலும் காணப்பட்டது.

1845: நகரம் விற்கப்பட்டது, சாசனம் தப்பியது

சாசனம் கிடைத்த சில ஆண்டுகளிலேயே நெருக்கடிகள் தொடர்ந்தன. 1830-களின் தொடக்கத்தில் கல்கத்தாவின் ஏஜென்சி வணிக நிறுவனங்கள் அடுத்தடுத்துத் திவாலானதில் செராம்பூர் பணிகளுக்கான நிதி பெரும் இழப்பைச் சந்தித்தது. கேரி 1834-லும் மார்ஷ்மன் 1837-லும் மறைந்தனர்.

இதனைவிடப் பெரிய ஆபத்து 1845-ல் வந்தது. இந்தியாவில் இருந்த தனது குடியேற்றங்களைக் கைவிட முடிவு செய்த டென்மார்க், தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. ஒரு மன்னரின் ஆணையால் பிறந்த அதிகாரம், அம்மன்னரின் ஆட்சி அங்கே முடிவுற்றதும் காலாவதியாகிவிடுமா என்ற கேள்வி எழுந்தது.

1845 பிப்ரவரி 22 தேதியிட்ட உடன்படிக்கையின் 6-வது பிரிவு இதற்கு விடையளித்தது. கல்லூரிக்கு 1827-ல் வழங்கப்பட்ட உரிமைகளில் தலையிடக் கூடாது என்றும், பிரிட்டிஷ் அரசே சாசனம் அளித்திருந்தால் எப்படியோ அப்படியே அவை தொடரும் என்றும், ஆனால் பிரிட்டிஷ் இந்தியாவின் பொதுச் சட்டத்துக்கு அவை உட்பட்டவை என்றும் அப்பிரிவு உறுதி செய்தது. டேனியக் கொடி இறங்கிய பின்னரும் டேனிய சாசனம் செல்லுபடியாக இருப்பதற்கு இந்த ஒரு பிரிவே காரணம்.

பயன்படாமல் கிடந்த அதிகாரம்

சாசனம் தப்பினாலும் அதைப் பயன்படுத்தும் வலிமை கல்லூரிக்கு நெடுங்காலம் இருக்கவில்லை. 1856-ல் ஜான் கிளார்க் மார்ஷ்மன் கல்லூரியின் பொறுப்பைப் பாப்டிஸ்ட் மிஷனரி சொசைட்டியிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு கல்கத்தா பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது செராம்பூர் அதன் இணைவுக் கல்லூரியானது. தானே பட்டம் வழங்கும் உரிமை பெற்றிருந்த நிறுவனம், வேறொரு பல்கலைக்கழகத்தின் தேர்வுக்கு மாணவர்களை அனுப்பும் நிலைக்கு வந்தது.

1883-ல் பொதுக்கல்வி வகுப்புகள் நிறுத்தப்பட்டு, கல்லூரி திருச்சபைப் பணியாளர்களுக்கான பயிற்சி நிலையமாகச் சுருங்கியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதல்வராகப் பொறுப்பேற்ற ஜார்ஜ் ஹோவெல்ஸ் இதனை மாற்ற முயன்றார். 1910-ல் உயர்நிலை இறையியல் துறை தொடங்கப்பட்டது. 1911-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் இணைவு மீண்டும் கிடைத்தது. 1915-ல் சாசனத்தின் அதிகாரத்தைக் கொண்டு முதன்முறையாக இறையியல் இளநிலைப் பட்டங்கள் வழங்கப்பட்டன. சாசனத்துக்கும் முதல் பட்டத்துக்கும் இடையே 88 ஆண்டுகள் கடந்திருந்தன.

1918: வங்கச் சட்டம்

பட்டம் வழங்கத் தொடங்கியதும், ஒரே ஒரு திருச்சபைப் பிரிவின் நிர்வாகத்தில் இருக்கும் நிறுவனத்தின் பட்டத்தைப் பிற திருச்சபைகள் ஏற்குமா என்ற கேள்வி முன்வந்தது. இதற்குத் தீர்வாக அமைந்தது வங்கச் சட்டமன்றம் நிறைவேற்றிய 1918-ஆம் ஆண்டின் செராம்பூர் கல்லூரிச் சட்டம்.

சாசனத்தை நீக்காமல் அதற்குத் துணையாக இயற்றப்பட்ட இச்சட்டம் இரண்டு முக்கிய மாற்றங்களைச் செய்தது. ஆட்சிமன்றத்தை விரிவாக்கிப் பிற திருச்சபைப் பிரிவினருக்கும் அதில் இடம் அளித்தது. கல்வி தொடர்பான முடிவுகளுக்காகச் செனட் என்ற தனிப் பேரவையை உருவாக்கியது. சொத்தையும் நிறுவனத்தையும் காப்பவர்கள் வேறு, பாடத்தையும் தேர்வையும் தீர்மானிப்பவர்கள் வேறு என்ற பிரிவினை இதன் மூலம் சட்டபூர்வமானது.

இன்றைய நிர்வாக அமைப்பு

செராம்பூரின் நிர்வாகம் மூன்று நிலைகளைக் கொண்டது.

ஆட்சிமன்றம்: சாசனத்தின்படி சட்டபூர்வ அமைப்பு இதுவே. பட்டம் வழங்கும் அதிகாரம் முறைப்படி இதனிடமே உள்ளது. மாஸ்டர் என்ற தொன்மையான பதவி இன்றும் தொடர்கிறது.

செனட்: பாடத்திட்டம், தேர்வுகள், பட்டத்துக்கான தகுதி, கல்லூரிகளின் இணைவு ஆகியவற்றைத் தீர்மானிக்கிறது. தகுதி பெற்றவர்களைச் செனட் பரிந்துரைக்க, ஆட்சிமன்றம் பட்டம் வழங்குகிறது. அன்றாடப் பணிகளைப் பதிவாளர் கவனிக்கிறார்.

கல்லூரி: முதல்வரின் தலைமையில் இயங்குகிறது. இதன் கலை, அறிவியல், வணிகவியல் துறைகள் கல்கத்தா பல்கலைக்கழகத்துடனும் இறையியல் துறை செனட்டுடனும் இணைக்கப்பட்டுள்ளன. ஒரே வளாகத்தில் பயிலும் மாணவர்கள் இரு வேறு பல்கலைக்கழகங்களின் பட்டங்களைப் பெறுவது இக்கல்லூரியின் தனித்தன்மை.

50-க்கும் மேற்பட்ட இறையியல் கல்லூரிகள் செனட்டுடன் இணைவு பெற்றுள்ளன. பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி, கொல்கத்தா பிஷப் கல்லூரி, ஜபல்பூர் லியோனார்ட் இறையியல் கல்லூரி, ஜோர்ஹாட் கிழக்கத்திய இறையியல் கல்லூரி ஆகியவை அவற்றுள் சில. கோட்டயத்தில் உள்ள ஆர்த்தடாக்ஸ், மார்த்தோமா திருச்சபைகளின் குருமடங்களும் இப்பட்டியலில் உள்ளன. வழிபாட்டு முறையிலும் கோட்பாட்டிலும் வேறுபடும் திருச்சபைகள் ஒரே தேர்வு முறையை ஏற்றிருப்பது 1918 சட்டத்தின் நேரடி விளைவு.

தமிழகத் தொடர்பு

சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆகியவை செராம்பூருடன் இணைவு பெற்றவை. மதுரைக் கல்லூரி தமிழ்வழி இறையியல் கல்விக்குப் பெயர் பெற்றது. இலங்கையில் பிலிமத்தலாவையில் அமைந்துள்ள இலங்கை இறையியல் கல்லூரியும் செராம்பூர் பட்டத்துக்கே மாணவர்களைத் தயார் செய்கிறது.

1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியதும், 1799-ல் மார்ஷ்மனும் வார்டும் செராம்பூரில் இறங்கியதும் ஒரே டேனிய முடியாட்சியின் நிழலில்தான். 1845-ல் இரு ஊர்களும் ஒரே ஆவணத்தின் மூலம் கைமாறின.

புதிய பல்கலைக்கழகங்களில் இருந்து வேறுபாடு

திருச்சபை சார்ந்த பல்கலைக்கழகங்கள் இந்தியாவில் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளன. மேகாலயாவில் மார்ட்டின் லூதர் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம், அசாமில் டான் பாஸ்கோ பல்கலைக்கழகம், கொல்கத்தாவில் புனித சேவியர் பல்கலைக்கழகம் ஆகியவை மாநிலச் சட்டங்களால் உருவானவை. பெங்களூரு கிறைஸ்ட் 2008-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது.

பட்டம் வழங்கும் உரிமை மத்திய, மாகாண அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், நாடாளுமன்றம் சிறப்பாக அதிகாரம் அளித்த நிறுவனங்கள் ஆகியவற்றுக்கே உண்டு என்று 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் கூறுகிறது. இந்தப் பின்னணியில் 1918-ஆம் ஆண்டின் மாகாணச் சட்டம் செராம்பூருக்குத் தனி முக்கியத்துவம் பெறுகிறது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. மாநிலச் சட்டத்தால் அமைந்த தனியார் பல்கலைக்கழகங்களின் செயல்பாடு அந்தந்த மாநில எல்லைக்கு உட்பட்டது; சத்தீஸ்கர் தொடர்பான யஷ்பால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-ல் இதனை வலியுறுத்தியது. அவை பொதுவாகக் கல்லூரிகளுக்கு இணைவு வழங்குவதில்லை. செராம்பூரின் செனட்டோ மாநிலங்களைக் கடந்து, அண்டை நாட்டிலும் இணைவுக் கல்லூரியைக் கொண்டுள்ளது.

கல்லூரி 2018-ல் தனது 200-வது ஆண்டை நிறைவு செய்தது. ஹூக்ளிக் கரையில் தூண்களுடன் நிற்கும் பழைய கட்டடத்தில் வகுப்புகள் தொடர்கின்றன. டேனிய ஆட்சி, கம்பெனி ஆட்சி, பிரிட்டிஷ் முடியாட்சி ஆகிய மூன்றும் மறைந்த பின்னரும், 1827 சாசனத்தின் பெயரால் செராம்பூரில் ஒவ்வோர் ஆண்டும் பட்டங்கள் வழங்கப்படுகின்றன.